ஃபிரேமுக்குள் வந்த கல்

தில்லைநாயகத்துக்கு அன்று விடிந்ததிலிருந்தே கோபம். மலை ஏறும்போது ஆளுக்குத்தான் மூச்சு வாங்கும். கோபத்துக்கு வாங்காது.

கோபம் குருவின் மேல். குருவின் பெயர் ஆக்னஸ். நாற்பதைத் தாண்டிய வயது. மலைகளைப் படம் எடுப்பவர், எடுக்கக் கற்றும் கொடுப்பவர். சீடர் தில்லைநாயகத்துக்கு அறுபது நெருங்குகிறது. மதுரையில் ஒரு பெரிய அலுவலகத்தில் பலரையும் அதட்டி வேலை வாங்கிவிட்டு ஓய்வு பெற்றவர். தன்னைவிடச் சின்னவரை டீச்சர் என்று கூப்பிடுவதில் அவருக்குக் கூச்சம் இல்லை. அந்த டீச்சர் தன் படங்களைப் பார்த்துவிட்டு "சரி" என்று மட்டும் சொல்லி கேமராவைத் திருப்பித் தருவதுதான் பொறுக்கவில்லை.

முந்தின நாள் மாலை, எஸ்டேட் விடுதி வாசலில், வாய்விட்டுக் கேட்டே விட்டார்.

"டீச்சர், என் படத்துல என்ன குறை?"

"குறைன்னு நான் சொன்னேனா?"

"நல்லா இருக்குன்னும் சொல்லலையே."

டீச்சர் கேமராத் திரையில் ஒவ்வொரு படமாக மறுபடி தள்ளிப் பார்த்தார். மலை, மேகம், புல். எதிலும் ஒரு காய்ந்த குச்சி கூடக் குறுக்கே இல்லை.

"சுத்தமா இருக்கு."

"அது நல்லதுதானே?"

"நாளைக்கு எருதுமேடு ஏறுவோம்" என்றார் டீச்சர். "உங்க வீட்டம்மாவும் வர்றாங்கல்ல? அக்காவோட சேர்ந்து நடங்க. நான் முன்னாடி போய் மேல டீ போட்டு வைக்கிறேன்."

கேட்ட கேள்விக்கு இது ஒரு பதிலா என்று தில்லைநாயகம் ராத்திரி முழுக்கப் பொருமினார்.

மனைவி மரகதம் அவரோடு மலைக்கு வருவது அதுதான் முதல் தடவை. வீட்டில் ஆயிரம் வேலை கிடக்க, கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிற மனிதர் அப்படி என்னதான் பார்க்கிறார் என்று தானும் ஒருமுறை பார்த்துவிட வந்திருந்தார். முட்டிவலி உண்டு. நடை மெதுவாகத்தான் வரும்.

எருதுமேட்டுப் பாதை கஷ்டமானது அல்ல. அந்தப் பக்கச் சரிவில் ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர் ஜனங்கள் பஸ் பிடிக்க இந்த மேட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். மேகம் இறங்கினால் மேட்டில் எதிரே நிற்கும் ஆள்கூடத் தெரியாது. அதனால் வழி திரும்புகிற இடங்களில் எல்லாம் இடுப்பு உயரத்துக்குக் கல் குவித்து, உச்சியில் ஒரு வெள்ளைக் கல் வைத்திருப்பார்கள். சில குவியல்களில் கண்ணில் படட்டும் என்று உரச்சாக்கைக் கிழித்து ஒரு துண்டும் கட்டியிருப்பார்கள். கடந்து போகிறவர்கள் சரிந்த கல்லை எடுத்து வைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. செய்துவிட்டுப் போவார்கள்.

அடிவாரச் சோலையைத் தாண்டிப் புல்மேட்டில் கால் வைத்ததும் கிழக்கே வெளிச்சம் கிளம்பிவிட்டது. பள்ளத்தாக்கு முழுக்க மேகம் நிரம்பி, தூரத்துச் சிகரம் ஒன்று மட்டும் தலையைக் காட்டிக்கொண்டிருந்தது. தில்லைநாயகத்தின் கால்கள் பரபரத்தன. பின்னால் மரகதம் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"சீக்கிரம் வா."

"வந்துட்டுத்தானே இருக்கேன்."

"வெளிச்சம் போயிரும், மரகதம்."

"போனா நாளைக்கு வரும்."

இந்த மாதிரிப் பதிலைக் கேட்டால் தில்லைநாயகத்துக்கு உச்சந்தலை வரை ஏறும். ஏறியது.

"உன்னைக் கூட்டிட்டு வந்தது என் தப்பு. நான் முன்னாடி போறேன். அங்கங்க கல்லு குவிச்சு வச்சிருக்கும், அதைப் பார்த்துப் பார்த்து வா. குழந்தைகூட வந்துரும்."

"சேர்ந்து நடக்கணும்னு டீச்சர் சொன்னாங்களே?"

"வெளிச்சம் உனக்காக நிக்குமா?"

"வெளிச்சத்தை யார் கேட்டா? நீங்க நிப்பீங்களான்னு கேட்டேன்."

அவர் நிற்கவில்லை.

புல்மேட்டின் நடுவே வழி இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் போவது காட்டுமாடுகள் நடந்து நடந்து உண்டான தடம். அகலமாக, பளிச்சென்று தெரியும். அதில் போனால் பள்ளத்தாக்கின் விளிம்பு. வலப்பக்கம் போவதுதான் ஆள் போகும் வழி. அது ஒரு பெரிய பாறையின் மேல் ஏறுவதால் தடமே தெரியாது. தெரியாதவர்களுக்கு வழி காட்டுவதற்காகப் பாறையின் ஆரம்பத்தில் ஒரு குவியல் இருந்தது. உச்சியில் வெள்ளைக் கல், அதற்குக் கீழே நீலச் சாக்குத் துண்டு.

அந்தப் பாறையில்தான் இரவு மழையின் தண்ணீர் ஒரு குட்டையாகத் தேங்கி நின்றது. குட்டைக்குள் தூரத்துச் சிகரம் தலைகீழாக விழுந்திருந்தது. தில்லைநாயகம் வாழ்நாளில் இப்படி ஒரு காட்சிக்கு எதிரே நின்றதில்லை. ட்ரைபாடை விரித்தார். கேமராவைப் பூட்டினார். குனிந்து பார்த்தார்.

குட்டைக்கும் சிகரத்துக்கும் நடுவே அந்தக் கல்குவியல் நின்றது.

ட்ரைபாடை இடப்பக்கம் நகர்த்தினார். சிகரம் குட்டையைவிட்டு வெளியே போனது. வலப்பக்கம் நகர்த்தினார். குட்டையே வெளியே போனது. மண்டி போட்டார், குப்புறப் படுத்தார். எங்கே போனாலும் அந்த நீலத் துண்டு ஃபிரேமுக்குள் வந்து படபடவென்று ஆடியது.

"எவன்டா இந்த இடத்துல கொண்டாந்து வச்சான்" என்றார்.

பிறகு எழுந்து போய்க் குவியலைக் கலைத்தார். வெள்ளைக் கல்லைத் தள்ளினார், அது உருண்டு புல்லுக்குள் போனது. மற்ற கற்களை எடுத்து ஃபிரேமுக்கு வெளியே வீசினார். நீலத் துண்டைச் சுருட்டிப் பேன்ட் பைக்குள் வைத்துக்கொண்டார். மலையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குப்பையை அகற்றிய திருப்தி வேறு. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தப்பு செய்கிறவன் தப்பு செய்துவிட்டுப் போகட்டும், அதற்கு நடுவில் ஒரு புண்ணியத்தையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்கிறான்.

படம் எடுத்தார். எடுத்து முடிக்கவும் வெளிச்சம் மாறவும் சரியாக இருந்தது.

கல்லைத் திரும்ப அடுக்கிவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தார். இதை நான் நம்புகிறேன். இப்படிப்பட்டவர்கள் எல்லாருமே அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அதற்குள் திரையில் படத்தைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் வேறு எதுவும் நினைவில்லை. இந்தப் படத்துக்கும் "சரி" என்று டீச்சர் சொல்லிவிடுவாரா, அதையும் பார்த்துவிடலாம் என்று பாறைமேல் ஏறி ஓடினார்.

மேட்டின் உச்சியில் டீச்சர் ஒரு சின்ன அடுப்பில் டீ கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். தில்லைநாயகம் மூச்சிரைக்கக் கேமராவை நீட்டினார்.

"இதைப் பாருங்க டீச்சர்."

"அக்கா எங்க?"

"வர்றா. முதல்ல இதைப் பாருங்க."

"அக்கா எங்க, சார்?"

"பின்னாடி வர்றான்னு சொல்றேன்ல. கல்லைப் பார்த்து வரச் சொல்லியிருக்கேன்."

சொல்லும்போதே அவர் கை பேன்ட் பையிலிருந்த துண்டைத் தொட்டது. திரும்பிப் பார்த்தார். கீழே பள்ளத்தாக்கில் இருந்த மேகம் விளிம்பைத் தாண்டி மேட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. புல் மறைந்தது. பாறை மறைந்தது. டீச்சர் அடுப்பை அணைத்துவிட்டு எழுந்தார்.

"அக்கா" என்று கூப்பிட்டார்.

பதில் இல்லை.

"மரகதம்" என்றார் தில்லைநாயகம்.

அதற்கும் இல்லை.

இருவரும் கீழே இறங்கினார்கள். டீச்சர் முன்னால், அவர் பின்னால். மேகத்துக்குள் டீச்சரின் முதுகுப்பை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பாறையிலிருந்து இறங்கியதும் டீச்சர் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இங்க ஒரு கல்குவியல் வரணும். இன்னும் வரலை போல" என்றார். நடந்தார்.

அந்த இடம்தான் அது என்று தில்லைநாயகத்துக்குத் தெரியும். அவர் காலடியிலேயே குட்டை கிடந்தது. வாய் திறக்கவில்லை.

புல்மேட்டைக் கடந்து சோலையின் ஓரம் வரை வந்துவிட்டார்கள். மரகதம் அங்கே இல்லை. டீச்சர் தரையைக் குனிந்து பார்த்தார், காடு இருந்த பக்கம் பார்த்தார், மேலே பார்த்தார்.

"வழியில நம்ம எதிர்ல வரலை. வழி பிரியுற இடத்துல மாறிப் போயிருக்கணும். ஆனா அங்க ஒரு கல்குவியல் உண்டு, கல்லைப் பார்த்தா மாற மாட்டாங்க. இறங்கும்போது மேகத்துல எனக்குத் தெரியலை. சார், நீங்க ஏறும்போது கல் இருந்துச்சா?"

"இருந்திருக்கும்."

"இருந்துச்சா, இருந்திருக்குமா?"

"இருந்துச்சு" என்றார் தில்லைநாயகம்.

கல் இருந்தது உண்மைதான், அவர் ஏறி வந்தபோது இருந்தது. அலுவலகத்தில் பேசிப் பழகிய வாய், இந்த மாதிரி உண்மைகளைச் சட்டென்று எடுத்துக் கொடுத்துவிடும்.

"அப்ப அக்கா மேலேயே வரலை. காட்டுக்குள்ளதான் எங்கேயோ திரும்பியிருக்காங்க" என்றார் டீச்சர். "நான் உள்ள போய்ப் பார்க்கிறேன்."

"அவ எப்பவும் இப்படித்தான் டீச்சர். ஒண்ணு சொன்னா காதுல வாங்கமாட்டா. எங்கயாவது உக்காந்து வேடிக்கை பார்த்துட்டு இருப்பா."

டீச்சர் காட்டுக்குள் நுழைந்தார். தில்லைநாயகம் பார்த்துக்கொண்டு நின்றார். டீச்சர் தேடப்போவது தப்பான பக்கம் என்று உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மரங்களுக்கு இடையில் டீச்சரின் பை மறைகிற வரைக்கும் நின்றார். கட்டிய மனைவி விளிம்புப் பக்கம் போயிருக்கிறாள். இவருக்கு இன்னும் நாக்கு எழவில்லை. மானம் என்பது எவ்வளவு கேவலமான சரக்கு என்று இந்த இடத்தில்தான் தெரிகிறது.

"டீச்சர்" என்று கத்தினார்.

டீச்சர் திரும்பி வந்தார்.

தில்லைநாயகம் பேன்ட் பைக்குள் கைவிட்டு அந்த நீலத் துண்டை எடுத்துக் காட்டினார்.

டீச்சர் துண்டைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தார். மேட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்.

குட்டைக்கு அருகே வந்ததும், "எந்த இடம்?" என்றார்.

"இங்கதான். பாறை ஆரம்பிக்கிற இடத்துல."

"அதுமேல நில்லுங்க."

"நானும் வர்றேன் டீச்சர். என் பொண்டாட்டி, நான் வராம..."

"நில்லுங்கன்னு சொன்னேன்." டீச்சர் அவர் தோளைப் பிடித்து அந்த இடத்தில் நிறுத்தினார். "நானும் அந்தப் பக்கம் போயிட்டா எனக்குத் திரும்பி வர வழி தெரியாது. கல்லை எடுத்துட்டீங்க. இப்ப நீங்கதான் கல்லு. நகரக் கூடாது. வாய் மூடக் கூடாது. அக்கா பேரைச் சொல்லிக் கத்திட்டே இருங்க. சத்தம் நின்னுச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் இல்லை."

டீச்சர் இடப்பக்கத் தடத்தில் மேகத்துக்குள் போனார். கொஞ்ச நேரம் காலடி கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

தில்லைநாயகம் கத்தினார். "மரகதம்." மூச்சு வாங்கினார். "மரகதம்." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளைப் பேர் சொல்லி இவ்வளவு தடவை கூப்பிட்டதில்லை. குடும்பத்தில் ஏன் பேர் சொல்ல வேண்டும், "இந்தா" என்றால் வரமாட்டாளா என்று இருந்தவர். மேகம் அந்தப் பேரை வாங்கிக்கொண்டது. திருப்பித் தரவில்லை.

முதலில் அவள்மேல் கோபம் வந்தது. ஏன் வந்தாள். பிறகு டீச்சர்மேல். ஏன் எங்களைவிட்டு முன்னால் போனாள். பிறகு கல்லை அங்கே குவித்தவன்மேல், குட்டைமேல், மழைமேல். ஒவ்வொன்றின் மேலும் கோபப்பட்டுப் பார்த்தார். எதுவும் அவரைத் தாங்கவில்லை. கடைசியில் கோபப்பட மிச்சம் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அந்த ஆளை நகரக் கூடாது என்று டீச்சர் நிறுத்தி வைத்திருந்தார்.

குளிரில் கால் மரத்தது. குரல் கம்மியது. அந்த நேரம் பார்த்து கிழக்குப் பக்கம் மேகம் கிழிந்து வெயில் இறங்கியது. சிகரம் முழுக்கப் பொன்னாகி, மேகத்தின் மேல் வட்டமாக ஒரு வானவில் நின்றது. ஒரு மனிதன் ஆயுசுக்கும் அலைந்தாலும் கிடைக்காத காட்சி. நாலு அடி முன்னால் போனால் முழுதாகத் தெரியும். கேமரா கழுத்தில்தான் கிடந்தது.

அவருக்கு அந்த அழகைப் பார்க்கவே ஆத்திரமாக இருந்தது. இங்கே ஒருத்தியைக் காணோம், உனக்கு என்ன மினுக்கு வேண்டியிருக்கிறது என்று மலையைப் பார்த்துத் திட்டினார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கத்தினார்.

எவ்வளவு நேரம் கத்தினார் என்று அவருக்குத் தெரியாது. தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. அப்போது கிட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

"போதும். காது கேக்குது."

மேகத்துக்குள்ளிருந்து முதலில் டீச்சர் வந்தார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மரகதம் வந்தார். புடவை முழங்கால் வரை சேறு. ஒரு காலில் ஷூ இருந்தது. இன்னொரு காலில் இல்லை.

தில்லைநாயகம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அசையலாமா என்று கேட்பதுபோல டீச்சரைப் பார்த்தார்.

"வெள்ளைக் கல்லைத் தேடினேன்" என்றார் மரகதம். அவரிடம் அழுகை இல்லை. "கீழ ஒவ்வொரு திருப்பத்துலயும் இருந்துச்சு. இங்க இல்லை. சரி, பாதை தெரியுற பக்கம் போவோம்னு போனேன். புல்லு திடீர்னு சரிஞ்சிருச்சு. ஒரு செடியைப் பிடிச்சு நின்னுட்டேன். ஷூ கழண்டு கீழ போச்சு. விழுந்த சத்தம் வரும்னு பார்த்தேன். வரவே இல்லை. அப்படியே உக்காந்துட்டேன்."

"நீ கத்தியிருக்கலாமே" என்றார் தில்லைநாயகம். அது கேள்வி அல்ல. வேறு எதைச் சொல்வது என்று தெரியாமல் வந்தது.

"கத்தினேன். நீங்க மேல படம் காட்டிட்டு இருந்திருப்பீங்க."

டீச்சர் தன் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மரகதத்தின் வெறுங்காலைச் சுற்றிக் கட்டினார். ஃபிளாஸ்கில் இருந்த வெந்நீரைக் குடிக்கக் கொடுத்தார். எல்லாம் முடிந்த பிறகு நிமிர்ந்தார்.

"இருந்துச்சுன்னு சொன்னீங்க" என்றார்.

தில்லைநாயகம் தலை குனிந்தார்.

"நான் காட்டுக்குள்ள போறதைப் பார்த்துட்டு நின்னீங்க."

"பயமா இருந்துச்சு டீச்சர்."

"யாருக்கு என்ன ஆயிடும்னு பயம்?"

பதில் இல்லாதபோது மனிதனுக்குக் கோபம் வருவது சுலபம். அவருக்கும் வந்தது. கம்மிய தொண்டையோடு பேசினார்.

"நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க. ஃபிரேமுக்குள்ள வேண்டாதது ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு. முதல் வகுப்புல நீங்க சொன்னது அது. அந்தச் சாக்கு குப்பைதானே? குப்பையை எடுத்துட்டு வாங்கன்னு சொன்னதும் நீங்கதானே?"

"ஆமா. சொன்னேன்."

"அப்புறம் என்ன?"

"உங்களை நகரச் சொன்னேன், சார். கல்லை இல்லை."

"நகர்ந்து பார்த்தேன். படம் அமையலை."

"அமையலைன்னா அந்தப் படம் உங்களுக்கு இல்லைன்னு அர்த்தம். விட்டுட்டு மேல வரணும்." டீச்சர் ஒரு அடி கிட்டே வந்தார். "நேத்து பார்த்த படம் எல்லாம் சுத்தமா இருந்துச்சே. அதுக்கெல்லாம் என்னென்ன எடுத்துப் போட்டீங்க?"

"அது சும்மா..."

"சொல்லுங்க."

"கிளை. புல்லு." நிறுத்தினார். "ஒரு தடவை ஒரு வேலிக்கம்பு."

"யார் வீட்டு வேலி?"

"தெரியாது."

"அதுக்குள்ள மாடு இருந்துச்சா, ஆடு இருந்துச்சா?"

"பார்க்கலை டீச்சர்."

மரகதம் ஃபிளாஸ்கை மூடினார். "படத்துலதான் இல்லையே, எப்படிப் பார்ப்பாரு" என்றார்.

டீச்சர் குனிந்து புல்லுக்குள் கிடந்த ஒரு கல்லை எடுத்துத் தில்லைநாயகத்தின் கையில் வைத்தார்.

"அடுக்குங்க. நாளைக்குச் சந்தை. அந்த ஊர்க்காரங்க விடியறதுக்கு முன்னாடி வருவாங்க."

தில்லைநாயகம் வீசிய கற்களைத் தேடித் தேடிக் கொண்டுவந்தார். முட்டி போட்டு அடுக்கினார். கை பழக்கம் போகுமா? பெரிய கல் அடியில், சின்னக் கல் மேலே, தட்டையான முகம் எல்லாம் ஒரே பக்கம் என்று பார்த்துப் பார்த்து வைத்தார். உச்சியில் வெள்ளைக் கல்லை வைத்துவிட்டுத் தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஒல்லியாக, அழகாக நின்றது.

டீச்சர் காலால் எட்டி உதைத்தார். மொத்தமும் சரிந்தது.

"டீச்சர்."

"இது படத்துக்கு அடுக்கினது. ஏறி வர்றவங்களுக்கு அடுக்குங்க."

மறுபடி அடுக்கினார். இந்தத் தடவை அகலமாக.

"கீழ போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தார். மேகம் இன்னும் முழுதாக விலகவில்லை. புல்மேட்டில் ஏறி வருகிறவர் நிற்கும் இடத்தில் நின்றார். பாறையின் நிறமும் கல்லின் நிறமும் ஒன்றாகக் கலந்து, அங்கே ஒரு குவியல் இருப்பதே தெரியவில்லை. வெள்ளைக் கல்லுக்கு ஒரு முகம்தான் வெள்ளை, அது கேமரா வைத்த பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மரகதம் நின்றதும் அதே இடம்தான். அங்கிருந்து பார்த்தால் இடப்பக்கத் தடம் மட்டும்தான் வா வா என்று கூப்பிட்டது.

திரும்பி வந்து வெள்ளைக் கல்லைத் திருப்பி வைத்தார். மறுபடி இறங்கிப் போனார். மறுபடி வந்து இன்னும் உயர்த்தினார். டீச்சர் உதைக்கவில்லை. மரகதம் எழுந்து, நொண்டிக்கொண்டே வந்து, அவர் கையிலிருந்த நீலத் துண்டைப் பிடுங்கி வெள்ளைக் கல்லுக்குக் கீழே கட்டினார். இறுக்கி முடிச்சுப் போட்டார்.

பிறகு கணவரைப் பார்த்தார்.

"அப்படி என்னதான் எடுத்தீங்க? காட்டுங்க."

"வேண்டாம், மரகதம்."

"காட்டுங்கன்னு சொல்றேன்."

தில்லைநாயகம் கேமராவைக் கழற்றிக் கொடுத்தார். மரகதம் மூக்குக்கண்ணாடியை முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மேகக் கடல், அதில் சிகரம், குட்டைக்குள் அதே சிகரம். நடுவில் ஒரு தடையும் இல்லை. ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு" என்றார். கேமராவை டீச்சரிடம் நீட்டினார்.

டீச்சரும் பார்த்தார். அவர் எந்தப் படத்தையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"ஆமாக்கா. நல்லா இருக்கு" என்றார்.

எத்தனையோ மலை ஏறி இறங்கி இந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தார் தில்லைநாயகம். வந்தது. காதில் விழுந்ததும் பாறையில் உட்கார்ந்தார். டீச்சர் கையிலிருந்து கேமராவை வெடுக்கென்று வாங்கினார். அழிக்கும் பொத்தானைத் தேடி அழுத்தினார். அழிக்கவா என்று திரை கேட்டது.

"இது எனக்கு வேண்டாம் டீச்சர். இதைப் பார்க்க எனக்கு முடியலை. இப்பவே அழிச்சிடறேன்."

டீச்சர் அவர் விரலைப் பிடித்துப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டார்.

"காலையில கல்லு இடைஞ்சலா இருந்துச்சு, எடுத்துட்டீங்க. இப்ப இந்தப் படம் இடைஞ்சலா இருக்கு. இதையும் எடுத்துட்டீங்கன்னா, சார், உங்க ஃபிரேம் மறுபடி சுத்தமாயிடும்."